மூத்தவளின் கபர்

மத்ரா கடற்கரைச் சாலையில், துறைமுகத்தைப் பார்த்தபடி இருந்த ஓட்டலின் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, அஸீலா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு இறங்கினாள். மஸ்கட்டில் ஊர் சுற்றிக்காட்டும் தொழிலில் பெண்கள் குறைவு. அதிலும் சுவாஹிலி பேசத் தெரிந்தவள் யார் என்று விசாரித்தால் எல்லாரும் அவளைத்தான் கைகாட்டுவார்கள். தலைமுறை தலைமுறையாக ஸான்ஸிபாரில் இருந்துவிட்டுத் திரும்பி வந்த குடும்பம் அவளுடையது. வீட்டில் கோபம் வந்தால் சுவாஹிலி, வெளியாள் வந்தால் அரபு. ஆப்பிரிக்கக் கரையிலிருந்து தனியாக வருகிற பெண்கள் ஓர் ஆம்பளையோடு காரில் நாள் பூராவும் சுற்றத் தயங்குவார்கள். அந்தத் தயக்கம்தான் அஸீலாவுக்குப் பிழைப்பு.

புருஷன் ஹமூதுக்கு இந்தத் தொழில்மேல் பெரிய மதிப்பு கிடையாது. அவர் கிராம்பு வியாபாரி. அறுவடைக் காலத்தில் ஸான்ஸிபார் பக்கம் போனால் திரும்பிவரச் சில மாசமாகும். மற்ற நாளெல்லாம் ரூவியில் கடை, மத்தியானம் வீட்டுச் சாப்பாடு, ஒரு தூக்கம். "கல்லுக்கோட்டையைக் காட்டறதுக்கும் ஒருத்தி, அதைப் பாக்கறதுக்கும் ஒருத்தி" என்று கிண்டல் செய்வார். அஸீலா காதில் வாங்க மாட்டாள்.

அன்றைக்கு அவளைக் கூப்பிட்டிருந்தவள் பெயர் ஸைத்தூனி. ஆப்பிரிக்கக் கரையில் இருக்கும் டாங்கா ஊர்க்காரி. மக்காவில் உம்ரா யாத்திரை முடித்துத் திரும்பும் கூட்டத்தோடு வந்தவள். விமானம் மாறுகிற சாக்கில் அவர்களுக்கு மஸ்கட்டில் இரண்டு நாள் கிடைத்திருந்தது. மற்றவர்கள் கால் வீங்கிப்போய் அறையில் படுத்துவிட்டார்கள். கறுப்பு அபாயாவுக்கு அடியில் மஞ்சள் காங்கா துணி எட்டிப்பார்க்க, வாய்நிறையச் சிரிப்போடு இவள் மட்டும் படியிறங்கி வந்தாள்.

"நீங்கதான் அஸீலாவா? போட்டோவுல இன்னும் கொஞ்சம் குண்டா இருந்தீங்களே!"

"அது போன ரமலான்ல எடுத்தது. நோன்புன்னுதான் பேரு, தின்னதுக்குக் கணக்கில்ல" என்றாள் அஸீலா.

அவ்வளவுதான். பள்ளிவாசலைச் சுற்றிக் காட்டி முடிப்பதற்குள் ஸைத்தூனி அவளை அக்கா முறை வைத்து 'லாத்தா' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். பெரிய பள்ளியின் கம்பளத்தைக் குனிந்து தடவிப் பார்த்தாள், விளக்கை அண்ணாந்து பார்த்துக் கழுத்து சுளுக்கிக்கொண்டது என்றாள். மீன் சந்தையில் சூரை மீனின் செவுளைத் திறந்து பார்த்து, "இது நேத்து மீன். இதைப் போய் இன்னைக்கு மீன்னு என்கிட்டயே சொல்றானே!" என்று சுவாஹிலியில் சத்தம் போட்டாள். மீன்காரனுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனாலும் விலையைக் குறைத்தான்.

"வாங்கி எங்க வைப்ப? ஓட்டல் கட்டில்லயா?" என்று அஸீலா கேட்டாள்.

"வாங்க மாட்டேன் லாத்தா. பேரம் பேசலேன்னா எனக்குக் கை அரிக்கும்."

கடைத்தெருவில் சாம்பிராணியும் ஒரு டப்பா ஹல்வாவும் வாங்கிக்கொண்டாள். ஹல்வாவை விரலால் வழித்து வாயில் போட்டுக்கொண்டே, சட்டென்று சொன்னாள்: "எங்க வீட்டுக்காரருக்கு இதுன்னா உசுரு. அவரு இந்த ஊருதான்."

"இந்த ஊரா? யாரு, எந்தக் குடும்பம்? பேரைச் சொல்லு, எனக்குத் தெரியாத ஆளு இருக்காது."

ஸைத்தூனி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "புருஷன் பேரை வாயால சொல்ற பழக்கம் எங்க வீட்டுல இல்ல. அதுவும் இப்பச் சொன்னா நீங்க போன் போட்டுருவீங்க. நான் இன்னும் மக்காவுல இருக்கேன்னு நெனச்சிட்டு இருக்காரு. சாயங்காலம் அவரு கடையில போய் முன்னாடி நிக்கப்போறேன். மூஞ்சி போற போக்கைப் பாக்கணும்."

"இவ்வளவு நாளா ஏன் உன்னை இங்க கூட்டிட்டு வரல?"

"உனக்கு இந்த வெயில் தாங்காதும்பாரு."

"டாங்காவுல மட்டும் பனி கொட்டுதாக்கும்?"

"அதைத்தான் நானும் கேட்டேன். உடனே ஹல்வா தீந்துபோச்சே, இன்னொரு துண்டு எடும்பாரு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். தன் புருஷனும் டாங்கா கரைப்பக்கம் போகிறவர்தான் என்று சொல்ல அஸீலாவின் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் வண்டியில் ஏறுகிறவர்களிடம் வீட்டுக் கதை பேசுவதில்லை என்று அவள் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தாள். இந்தத் தொழிலில் ஒரு கதை சொன்னால் அது நாலு நாடு சுற்றிவிட்டு வந்து நிற்கும்.

வெயில் ஏறியது. கடலைப் பார்த்த ஒரு நிழலில் வண்டியை நிறுத்தி, பிளாஸ்கிலிருந்து கஹ்வா ஊற்றிக் கொடுத்து, பேரீச்சம்பழ டப்பாவைத் திறந்து வைத்தாள் அஸீலா. அப்போதுதான் ஸைத்தூனியின் முகம் மாறியது. குவளையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"லாத்தா, கோட்டையெல்லாம் போதும். நான் இங்க வந்ததே வேற ஒண்ணுக்கு. ஒருத்தரை அடக்கின கபரைப் பாக்கணும்."

"யாரோட கபரு?"

"அவரோட மூத்த சம்சாரம். எங்க கல்யாணத்துக்கு முன்னாடியே மவுத்தாயிட்டாங்க. பெரிய புயல் ஒண்ணு வந்துச்சாமே இங்க? ஆத்துல தண்ணி வந்து, அவங்க காரோட போயிட்டாங்களாம்."

அஸீலா உச்சுக்கொட்டினாள். அந்தப் புயல் அவளுக்கு நேற்று நடந்ததுபோல. குரும் பக்கம் காய்ந்து கிடந்த ஆற்றுப்படுகையில் ஒரு நொடியில் மதில் உயரத்துக்குத் தண்ணீர் வந்தது. அவளுடைய காரையும்தான் அடித்துக்கொண்டு போனது. ஒரு விளம்பரப் பலகையின் கம்பத்தைக் கட்டிக்கொண்டு அவள் தொங்கினாள், கயிறு வீசி இழுத்தவர்கள் யாரென்றுகூட இன்றுவரை தெரியாது.

"அன்னைக்கு எத்தனையோ பேரு போனாங்கம்மா. நானே போயிருக்க வேண்டியவதான்."

"அல்லாஹ் காப்பாத்தினான். அந்தப் பாவிக்கு அந்தக் குடுப்பினை இல்ல." ஸைத்தூனியின் கண் நிறைந்துவிட்டது. "நான் அவங்களைப் பாத்ததுகூட இல்ல. பேரைக் கேட்டாக்கூட அழுதுருவாரு, மூத்தவன்னுதான் சொல்லுவாரு. ஆனா எங்க வீட்டுல அவங்க இல்லாத நாளே இல்ல. தேங்காப்பால்ல மீன் வச்சா, 'நல்லாத்தான் இருக்கு, ஆனா மூத்தவ கை வேற'ம்பாரு. முதல்ல எனக்குப் பத்திக்கிட்டு வரும். அப்புறம் நெனச்சேன், செத்தவங்களோட என்ன போட்டி? வருஷா வருஷம் அவங்களுக்காகக் குர்ஆன் கத்தம் ஓதி, தெருவுக்கே புலாவு போடறேன். இப்ப மக்காவுல அவங்களுக்காகவே தனியா ஒரு உம்ரா செஞ்சேன் லாத்தா. என் கணக்குல இல்ல, அவங்க கணக்குல."

சக்களத்தியின் பெயரைக் கேட்டாலே கரித்துக்கொட்டுகிற பெண்களைத்தான் அஸீலா பார்த்திருக்கிறாள். முகம் தெரியாத ஒருத்திக்காகக் காபாவைச் சுற்றி வந்தவளை இப்போதுதான் பார்க்கிறாள். அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு, "உன்னை மாதிரி ஒருத்தி கெடைக்க அவளும் குடுத்து வச்சவதான்" என்றாள். "எங்க அடக்கியிருக்காங்க? பெரிய மையவாடியா இருந்தா தேடறது கஷ்டம். எங்க ஊருல கபருக்குப் பேரு எழுத மாட்டோம். பொம்பளைக்கு மூணு கல்லு, ஆம்பளைக்கு ரெண்டு, அவ்வளவுதான்."

"படம் இருக்கு லாத்தா. அவரு கபருகிட்ட உக்காந்திருக்கற படம். எங்க அத்தாகிட்டப் பொண்ணு கேட்டு வந்தப்பவே காட்டினாரு." ஸைத்தூனி போனைத் தேடி எடுத்து, படத்தைப் பெரிதாக்கி நீட்டினாள்.

அஸீலா வாங்கிப் பார்த்தாள். மதிலை ஒட்டி ஓர் இலந்தை மரம் சாய்ந்து நின்றது. அடே, இது அமராத் போகிற வழியில் இருக்கிற சின்ன மையவாடி ஆயிற்றே என்று சந்தோஷமாகச் சொல்ல வாயெடுத்தாள். மரத்தடியில் மூன்று கற்கள். பக்கத்தில் குத்துக்காலிட்டு, ஒரு கல்மேல் கையை வைத்து, கண்ணீர் வழிய நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர் ஹமூத்.

வாய் திறந்தபடியே நின்றுவிட்டது.

அந்தப் படம் அவளுடைய போனிலும் இருக்கிறது. ஹமூதின் உம்மாவை அடக்கம் செய்த மறுநாள் கொழுந்தனார் எடுத்தது. அந்த மய்யித்தைக் குளிப்பாட்டியவளே அஸீலாதான். கற்பூரத் தண்ணீர் ஊற்றி, கஃபன் துணி சுற்றி, முகத்தை மூடுவதற்குமுன் நெற்றியில் முத்தம் கொடுத்ததுகூட இன்னும் உதட்டில் இருக்கிறது.

"தெரியுதா லாத்தா?" என்று ஸைத்தூனி கேட்டாள்.

"தெரியுது" என்றாள் அஸீலா. அவளுடைய குரல் பக்கத்து இருக்கையிலிருந்து யாரோ பேசுவதுபோல அவளுக்கே கேட்டது. "இந்த இடம் எனக்குத் தெரியும்."

ஏன் அப்போதே சொல்லவில்லை என்று பிற்பாடு எத்தனையோ பேர் கேட்டார்கள். மூளை அங்கேயே, அந்தப் படத்துக்குள்ளேயே நின்றுவிட்டது. கையும் காலும் மட்டும் பழக்கப்பட்ட வேலையைச் செய்தன. சாவியைத் திருப்பினாள், கண்ணாடியைப் பார்த்தாள், சாலைக்கு வந்தாள். மலைமேல் ஏறுகிற அமராத் சாலையில் வண்டி போகும்போது, அவளுடைய வாய் தன்பாட்டுக்கு, "இடது பக்கம் திரும்பிப் பாத்தா ரூவி பூராவும் தெரியும். முன்னாடியெல்லாம் இந்த மலையில ரோடு கெடையாது" என்று எல்லா வாடிக்கையாளரிடமும் சொல்வதைச் சொல்லிக்கொண்டு வந்தது. புருஷன் இன்னொருத்தியைக் கட்டியிருக்கிறார் என்பது இன்னும் அவளுக்குள் போய்ச் சேரவேயில்லை. நான் செத்துவிட்டேனாம், நான் செத்துவிட்டேனாம் என்பது ஒன்றுதான் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

மையவாடியின் மதில் இடுப்பளவுதான். "இங்க பொம்பளைங்க உள்ள போற வழக்கமில்ல. இங்கயே நின்னு துஆ கேளு" என்றாள்.

ஸைத்தூனி படத்தை ஒருமுறை பார்த்தாள், மரத்தைப் பார்த்தாள். இருந்த சிரிப்பெல்லாம் வடிந்து, சின்னப் பெண்ணைப்போல மதிலோரம் போய் நின்றாள். மக்காவிலிருந்து கொண்டுவந்த ஸம்ஸம் தண்ணீர் பாட்டிலைக் கைப்பையிலிருந்து எடுத்து, கையை நீட்டி அந்த மூன்று கற்களின் பக்கமாகத் தெளித்தாள். பிறகு கையேந்தி ஓதினாள். ஓதி முடித்தும் கையை இறக்காமல் பேச ஆரம்பித்தாள்.

"லாத்தா, நான்தான் ஸைத்தூனி. உங்க எடத்தைப் பிடுங்கணும்னு நான் வரல. காலியா கெடந்துச்சு, வந்தேன். உங்க மனுஷனை நல்லாத்தான் பாத்துக்கறேன். உங்களுக்கு ஒரு மகன் வெளியூர்ல இருக்கானாம், அவனுக்காகவும் கேட்டிருக்கேன். எனக்கொரு பொண்ணு இருக்கு, பஹ்ரியா. அவளும் உங்களுக்குப் பொண்ணுதான். தண்ணியில மூச்சுத் தெணறித்தானே போனீங்க... அதை நெனச்சா எனக்குத் தூக்கம் வராது. உங்க கபரை அல்லாஹ் வெளிச்சமாக்கி வைக்கட்டும்." திரும்பிப் பார்த்தாள். "நீங்களும் ஆமீன் சொல்லுங்களேன். முகம் தெரியாதவங்க சொல்ற ஆமீன் சீக்கிரம் சேருமாம்."

"ஆமீன்" என்றாள் அஸீலா.

தன் வாயால் தனக்கே மறுமைக்குக் கேட்டு ஆமீன் சொன்னது காதில் விழுந்ததும் அவள் மதிலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஐயோ, வெயிலா? தண்ணி குடிங்க லாத்தா!"

"ஸைத்தூனி, அது மூத்தவளோட கபரு இல்ல."

"எடம் தப்பா?"

"எடம் சரிதான். அது அவரோட உம்மா ஸல்மாவோட கபரு. நான்தான் குளிப்பாட்டினேன்." மூச்சு வாங்கியது. "அவரு பேரு ஹமூத். மூத்தவ நான்தான். நான் மவுத்தாகல."

ஸைத்தூனி அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். பிறகு அவளுடைய முகம் வெளிறிப்போனது. பாட்டில் கையிலிருந்து விழுந்தது. "அஊது பில்லாஹ்... அஊது பில்லாஹ்..." என்று முணுமுணுத்துக்கொண்டே பின்னால் பின்னாலேயே போய்க் காரில் இடித்து நின்றாள். கபருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, செத்தவள் நான்தான் என்று ஒருத்தி சொன்னால் வேறென்ன நினைப்பாள்? ஜின்னு என்றே நினைத்துவிட்டாள். ஆயத்துல் குர்ஸியை உரக்க ஓதி, அஸீலாவின் பக்கமாக ஊதினாள்.

"ஊதினா நான் மறைய மாட்டேன்டி" என்றாள் அஸீலா. அழுகையும் சிரிப்புமாக வந்தது. தன் போனை எடுத்து, அதே படத்தைத் திறந்து நீட்டினாள். அதற்கு அடுத்த படத்தில் அதே சட்டையோடு ஹமூதும், பக்கத்தில் அஸீலாவும், நடுவில் மகன் கல்ஃபானும் இருந்தார்கள். அடுத்தது போன பெருநாளுக்கு எடுத்தது. ஹமூத் ஹல்வாத் தட்டோடு நின்றார்.

ஸைத்தூனி கிட்டே வந்தாள். படத்தைப் பார்த்தாள். அஸீலாவின் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள், நகம் பதியுமளவுக்கு. சூடான கை. நாடி துடித்தது. அவ்வளவுதான், அந்த மண்ணிலேயே விழுந்து உட்கார்ந்துகொண்டு, நெஞ்சில் அடித்துக்கொண்டு அலறினாள்.

"உங்களுக்கு உம்ரா செஞ்சேனே! அந்தக் கூட்டத்துல கால் தேஞ்சு சுத்தினேனே! உசுரோட இருக்கறவங்களுக்குச் செஞ்சா அது சேருமா? வருஷா வருஷம் தெருவே சாப்பிட்டுச்சே... எங்க அத்தா உங்களுக்காக அழுதாரு லாத்தா! பாவம் இந்தப் புள்ளை, பொண்டாட்டியைத் தண்ணிக்குக் குடுத்துட்டு நிக்கிறான்னு சொல்லித்தான் என்னைக் கட்டிக்குடுத்தாரு!"

வெயிலில் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். சாலையில் போன ஒரு தண்ணி லாரிக்காரன் வேகத்தைக் குறைத்து, மையவாடிப் பக்கம் பெண்கள் அழுவதைப் பார்த்து, நெஞ்சில் கைவைத்து ஆறுதல் சொல்லிவிட்டுப் போனான்.

கொஞ்சநேரம் கழித்து அஸீலா எழுந்து, அபாயாவில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். "மத்தியானச் சாப்பாட்டுக்கு அவரு வீட்டுக்கு வந்திருப்பாரு. வா."

"நான் வரல. என்னை ஓட்டல்ல விட்டுருங்க."

"அவரு மூஞ்சி போற போக்கைப் பாக்கணும்னியே. நானும் பாக்கணும். வா."

வாதி கபீரில் அவர்களுடைய வீடு. கதவைத் திறந்தபோது ஹமூத் குளித்துவிட்டு, ஈரத் தாடியோடு, துண்டால் காதைத் துடைத்துக்கொண்டு முன்னறைக்கு வந்துகொண்டிருந்தார். இரண்டு பேரையும் பார்த்தார். துண்டு காதிலேயே நின்றது. கண்ணிமைக்கும் நேரம்தான். பிறகு முகத்தைச் சரிசெய்துகொண்டு, அரபில், "விருந்தாளியா அஸீலா? உள்ள வரச் சொல்லு. வாங்கம்மா, வாங்க" என்றார்.

ஸைத்தூனி விக்கித்துப்போனாள். "என்னைத் தெரியலையா?" என்றாள் சுவாஹிலியில்.

அவர் அஸீலாவின் பக்கம் திரும்பி, "இந்தம்மா என்ன சொல்றாங்க? எந்த ஊரு பாஷை?" என்றார்.

மையவாடியில்கூட அஸீலாவுக்கு இப்படித் தூக்கிவாரிப் போடவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவளோடு சுவாஹிலியிலேயே சண்டை போட்ட மனுஷன், அந்த மொழியே தெரியாதவர்போல முழுசாக நின்றார். இவ்வளவு சுளுவாக வருகிறதே! இன்னும் என்னென்ன இவ்வளவு சுளுவாக வந்திருக்கும்?

அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவரை 'நீ' என்றாள். "ஹமூத், நான் மவுத்தாயிட்டேனாம். இப்பத்தான் என் கபரைப் பாத்துட்டு வரேன். உனக்குத் தெரியுமா?"

அவர் செருப்பு வைக்கிற பலகையிலேயே உட்கார்ந்துவிட்டார். துண்டை முகத்தில் வைத்து மூடிக்கொண்டார். அவர் அடுப்பில் வைத்துவிட்டு வந்த குக்கர் மட்டும் ஒரு விசில் அடித்தது.

கடைசியில் துண்டுக்குள்ளிருந்தே, அரபிலேயே பேசினார். டாங்காவில் கப்பல் தாமதமான ஒரு பருவத்தில் ஸைத்தூனியைப் பார்த்தாராம். பிடித்துப்போய்ப் பெண் கேட்டாராம். மூத்தவள் இருக்கிற வீட்டுக்குப் பெண் தரமாட்டேன், சம்சாரம் இருக்கா என்று அவளுடைய அத்தா நேருக்கு நேர் கேட்டுவிட்டாராம். "இல்லன்னு ஒரே ஒரு வார்த்தை சொன்னேன். எப்படிப் போனான்னு கேட்டாங்க. நீ புயல்ல மாட்டினது ஞாபகம் வந்துச்சு. அதையே கொஞ்சம் நீட்டிச் சொல்லிட்டேன்."

"கொஞ்சமா?" என்றாள் அஸீலா. "கயிறு போட்டு இழுத்தவங்களை மட்டும் விட்டுட்ட. அவ்வளவுதானே?"

"உன் மனசு புண்படக் கூடாதுன்னுதான் அஸீலா உன்கிட்டச் சொல்லல."

"ரெண்டாவது கட்டிக்கறேன்னு சொல்லியிருந்தா, மூணு நாள் அழுதுட்டு நாலாவது நாள் எந்திரிச்சிருப்பேன். எத்தனை வீட்டுல நடக்கல? உசுரோட சோறு போட்டுட்டு இருக்கறவளைத் தண்ணியில முக்கிக் கொல்ல உனக்கு எப்படி மனசு வந்துச்சு?"

ஸைத்தூனி சுவரோரம் நின்றபடி, அரபில் நடந்த பேச்சை முகங்களைப் பார்த்தே புரிந்துகொள்ளப் பார்த்தாள். பிறகு சுவாஹிலியில் கேட்டாள்: "அப்ப அந்த அழுகை? கத்தம் ஓதற அன்னைக்கெல்லாம் தேம்பித் தேம்பி அழுவீங்களே. அதுவும் பொய்யா?"

ஹமூத் துண்டை எடுத்தார். கண் சிவந்திருந்தது. இப்போது சுவாஹிலியில்தான் பதில் சொன்னார். "அது பொய்யில்ல. சொல்லிச் சொல்லி, அங்க இருக்கறப்ப நெஜமாவே அவ போயிட்ட மாதிரிதான் இருக்கும். அழுகை தானா வரும். இங்க வந்து கதவைத் திறந்தா இவ நிப்பா. எனக்கே ஒரு மாதிரி திக்குனு இருக்கும்."

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அன்று மத்தியானமே ஹமூத் மாற்றுத்துணி ஒரு பை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். போகச்சொல்லி யாரும் சொல்லவில்லை, இருக்கச்சொல்லியும் சொல்லவில்லை. போவதற்குமுன் அஸீலா ஒன்று மட்டும் செய்யவைத்தாள். டாங்காவில் இருக்கும் மாமனாருக்கு எல்லாருக்கும் கேட்கும்படி போன் போட்டு, மூத்தவள் உயிரோடு இருக்கிறாள் என்று சொல்லச் சொன்னாள். கிழவருக்குக் காது மந்தம். "யாரு மவுத்து?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். "யாரும் இல்ல மாமா, யாருமே மவுத்தாகல" என்று ஹமூத் கத்திக் கத்திச் சொன்னார். புரிந்ததும் கிழவர் "என் மகளை அனுப்பிவை" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

சாயங்காலம் இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். ஸைத்தூனிக்கு இறங்கவில்லை. அஸீலா சோற்றைப் பிசைந்தபடியே, அவளைப் பார்க்காமல் கேட்டாள்:

"என்னைப் பத்தி வேற என்னவெல்லாம் சொல்லுவாரு?"

"வேண்டாம் லாத்தா."

"சொல்லு. எனக்குத் தெரியணும்."

ஸைத்தூனி சொன்னாள். மூத்தவள் வீட்டுக்குள் வந்தாலே விளக்கு ஏற்றினமாதிரி இருக்குமாம். அவர் கடன்பட்டு நின்ற காலத்தில் ஒரு வார்த்தை குத்திப் பேசாமல் நகையைக் கழற்றிக் கொடுத்தாளாம். அவளுடைய சிரிப்புச் சத்தம் தெருமுனைவரை கேட்குமாம். அவள் நாலு தேசத்து ஆட்களோடு பேசி நிற்பதைப் பார்த்தால் அவருக்குப் பெருமையில் நெஞ்சு விம்முமாம். 'அவகிட்ட ஒருநாளும் இதைச் சொன்னதில்ல ஸைத்தூனி, அதுதான் என்னை அரிக்குது' என்பாராம்.

அஸீலா கையைத் தட்டிலேயே வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் வருணித்த அந்தப் பெண் அவளுக்குப் பரிச்சயமே இல்லாத ஒருத்தியாகத் தெரிந்தாள். கல்லுக்கோட்டையைக் காட்டுகிறவள் என்று இங்கே கிண்டல் செய்யப்பட்டவள்தானா அவள்? அவ்வளவு பிரியத்தையும் வைத்திருந்து, அதைச் சொல்ல ஒரு சாவு தேவைப்பட்டதே என்று நினைத்தபோது, காலையிலிருந்து முழுசாக வராத அழுகை அப்போதுதான் பொங்கிக்கொண்டு வந்தது. ஸைத்தூனி எழுந்து வந்து அவளுடைய தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் தன் கூட்டத்தோடு ஸைத்தூனி விமானமேறினாள். ஊர் போய்ச் சேர்ந்த கையோடு காஜியிடம் போய், ஏமாற்றிக் கட்டிய நிக்காஹ் என்று சொல்லி முறித்துக்கொண்டாள். அஸீலா தலாக் கேட்கவில்லை. ஹமூதை வீட்டுக்குள் சேர்க்கவுமில்லை. மகன் கல்ஃபான் ஸுஹாரிலிருந்து வந்து, "உம்மா, ஒண்ணு சேத்துக்க, இல்லேன்னா முறிச்சுக்க. இது என்ன நடுவுல?" என்று கேட்டபோது, "செத்தவ எப்படிடா தலாக் கேப்பா?" என்றாள். அவன் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கச் சொல்லவில்லை.

அடுத்த வருஷம் பள்ளிக்கூட லீவுக்கு ஸைத்தூனி தன் மகள் பஹ்ரியாவை அனுப்பிவைத்தாள். அஸீலாதான் விமான நிலையத்துக்குப் போனாள். கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு பெண்குழந்தை, ஹமூத் நடப்பதுபோலவே ஒரு தோளைச் சாய்த்துக்கொண்டு நடந்து வந்தது. எல்லாம் பழகிவிட்டதென்று அஸீலா நினைத்திருந்தாள். இல்லை.

குழந்தை முன்னால் வந்து நின்று, அவளை மேலும் கீழும் பார்த்தது.

"நீங்கதான் பெரியம்மாவா?"

"ஆமா" என்றாள் அஸீலா. குனிந்து அதன் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள். "பசிக்குதா?"

"ரொம்ப" என்றது குழந்தை.